வழக்குரையும் தன்வரலாறும்: கல்லக்குடி முதல் குளித்தலை வரை கருணாநிதியின் உரைநடை

சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் எழுதிய நூல்களை இலக்கியமாகக் கொண்டு ஆராயப் புகுவார்க்கு இரண்டு இடர்ப்பாடுகள் உண்டு. அவர் வகித்த பதவியின் ஒளி நூலின்மேல் விழுந்து அதன் இயல்பான நிறத்தை மறைத்துவிடுதல் ஒன்று. அவர் சார்ந்த கட்சியின்மேல் உள்ள வெறுப்பு, நூலைத் திறக்கும் முன்பே தீர்ப்பை எழுதிவிடுதல் மற்றொன்று. முன்னதனால் பாராட்டுரை பிறக்கும். பின்னதனால் பழிப்புரை பிறக்கும். திறனாய்வு இரண்டினாலும் பிறவாது.

கலைஞர் மு. கருணாநிதியின் நூல்களுக்கு இவ்விரு நிலையும் நேர்ந்துள்ளன. 1957 முதல் 2016 வரை பதின்மூன்று முறை சட்டப் பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர். ஒருமுறையும் தோல்வி காணாதவர். ஐந்து முறை முதலமைச்சராக இருந்தவர். 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் அவர் மறைந்தார். 2024இல் அவருடைய நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. நாட்டுடைமை என்பது பதிப்புரிமை பற்றிய செய்தி மட்டுமன்று. ஒருவருடைய எழுத்து கட்சியின் உடைமையாகவோ குடும்பத்தின் உடைமையாகவோ இல்லாமல் படிப்போர் அனைவரின் உடைமையாகின்றது என்பதே அதன் பொருள். ஆகவே அவற்றை அளந்து பார்க்கும் கடமையும் இப்போது நம்முடையது.

அவர் எழுதியவை பல துறையின. அவை அனைத்தையும் ஒரு கட்டுரையில் அடக்குதல் இயலாது. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தோடு அவர் வாழ்வு பின்னிக்கிடந்த 1953 முதல் 1957 வரையிலான காலத்தையும், அக்காலத்தைப் பற்றி அவரும் பிறரும் எழுதியவற்றையும் மட்டுமே ஈண்டு எடுத்துக்கொள்வோம். அவருடைய உரைநடையின் உயிர்நிலை வழக்குரை என்பதும், அவ்வழக்குரை எங்கே சிறக்கின்றது, எங்கே குன்றுகின்றது என்பதும் அவ்வளவிலேயே புலனாகும்.

1. அளவுகோல்

தொல்காப்பியர் செய்யுளியலின் முதல் நூற்பாவில் செய்யுள் உறுப்புகள் 34 எண்ணுகின்றார். அவற்றுள் கூற்று, கேட்போர், களன், காலம் என்பனவும் அடங்கும். இவை பாட்டுக்கு உரியன அன்றோ, உரைநடைக்கு எவ்வாறு பொருந்தும் என வினவலாம். பாட்டு, உரை, நூல் என விரியும் எழுவகையுள் உரையையும் அவ்வாசிரியரே யாப்பின்பாற் படுத்துக் கூறுதலின், இவ்வுறுப்புகளை உரைநடைக்குப் பொருத்திக் காண்பதில் இழுக்கில்லை. தன்வரலாற்றுக்கோ இவை இன்றியமையாதன. யார் சொல்கின்றார், யாருக்குச் சொல்கின்றார், எங்கே நின்று சொல்கின்றார், எப்போது சொல்கின்றார் என்னும் நான்கும் தெரியாமல் தன்வரலாற்றின் ஒரு பக்கத்தையும் பொருள் கொள்ள முடியாது.

இந்நான்கும் ஒருங்கே கூர்மை பெறும் இடம் சிலப்பதிகாரத்து வழக்குரை காதை. அங்குக் கண்ணகியின் பேச்சு நான்கு படிகளில் ஏறுகின்றது. முதலில் அவள் தன் ஊரையும், கணவனையும், கணவனின் குடியையும் சொல்லித் தான் இன்னாள் என நிறுவுகின்றாள். அடுத்துக் குற்றம் சாட்டுகின்றாள். பின்னர்ச் சிலம்பை உடைத்துச் சான்று காட்டுகின்றாள். இறுதியில், கேட்போனாகிய மன்னனே தன்னைக் குற்றவாளியாகக் காண்கின்றான். சொல்வோள் மாறவில்லை, கேட்போன் மாறினான். வழக்குரையின் வெற்றி இதுவே.

இங்கு ஒன்று கருதத்தக்கது. கோவலன் இறந்துபட்டவன், ஆயினும் அவ்வழக்கில் அவன் வெறுஞ்சான்றாக நிற்கவில்லை. தந்தை பெயரோடும் ஊர்ப் பெயரோடும் குடிவழியோடும் ஒரு மனிதனாகவே நிற்கின்றான். இறந்தவனை மனிதனாக நிறுத்தும் வழக்குரை இலக்கியமாகும். அவனைச் சான்றாக மட்டும் எடுத்தாளும் வழக்குரை, எத்துணை நாவன்மை உடையதாயினும், நீதிமன்றத்தோடு முடிந்துபோகும். இதனை நம் அளவுகோலாகக் கொள்வோம்.

2. அரங்கத்து முன்னோடி

சட்டமன்றத்தில் அமர்ந்தவர் தம் வாழ்வைத் தமிழில் எழுதும் வழக்கம் திருச்சிராப்பள்ளிக்குப் புதிதன்று. திருவரங்கத்தில் 1880இல் பிறந்த மருத்துவர் தி. சே. சௌ. ராஜன் 1947இல் ‘நினைவு அலைகள்’ என்னும் தன்வரலாற்றை வெளியிட்டார். இலண்டனில் மருத்துவம் பயின்றவர் அவர், வரகனேரி வ. வே. சு. ஐயரின் நண்பர். 1930ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் இராசாசியின் தலைமையில் வேதாரணியம் நோக்கிச் சென்ற உப்புப் போராட்டப் படை திருச்சிராப்பள்ளியில் இவர் இல்லத்திலிருந்தே புறப்பட்டது. 1934இல் நடுவண் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1937இல் அமைந்த இராசாசி அமைச்சரவையில் பொதுச் சுகாதார அமைச்சராக இருந்தார்.

இராஜன் சொல்லிப் பலரும் அறிந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1909இல் இலண்டனில் இந்திய மாணவர்கள் விசயதசமி விருந்து ஒன்றை ஏற்பாடு செய்தனர். சமையற் பணியில் இராஜனும் ஈடுபட்டிருந்தார். மெலிந்த உருவினர் ஒருவர் வந்து, தாமாகவே பாத்திரம் கழுவுவதிலும் காய்கறி திருத்துவதிலும் கலந்துகொண்டார். அன்றைய விருந்துக்குத் தலைமை தாங்க வந்திருந்த காந்தியடிகளே அவர் என்பது பின்னரே தெரிந்தது.

இந்நிகழ்ச்சியில் கூற்றுக்கு உரியவர் இராஜன். ஆனால் ஒளி அவர்மேல் விழவில்லை. தம் அறியாமையையே கருவியாகக் கொண்டு மற்றொருவரின் பெருமையைக் காட்டுகின்றார். இதனைச் சான்றுரை எனலாம். சான்றுரைப்பவர் தமக்காக வாதாடுவதில்லை. கண்டதைச் சொல்லி ஒதுங்கிக்கொள்வார். நினைவு, அலை என்னும் தலைப்புச் சொற்களும் அம்மனநிலைக்கு ஏற்றனவாகவே உள்ளன. அலை தானாக வருவது. யாரையும் குற்றம் சாட்டாதது.

கருணாநிதி தம் தன்வரலாற்றுக்கு இட்ட பெயரோ ‘நெஞ்சுக்கு நீதி’. நீதி என்ற சொல் வந்தவுடன் ஒரு மன்றமும், ஒரு நடுவரும், ஒரு மறுதரப்பும் நம் கண்முன் வந்துவிடுகின்றன. இரு தலைப்புகளுக்கும் இடையே உள்ள தொலைவே சான்றுரைக்கும் வழக்குரைக்கும் உள்ள தொலைவு.

3. திரைப்படத்து வழக்குமன்றம்

இவ்வழக்குரை நெறி சிறையிலோ சட்டமன்றத்திலோ தொடங்கியதன்று. 1952ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் வெளிவந்த ‘பராசக்தி’ திரைப்படத்தின் வழக்குமன்றக் காட்சியிலேயே அது முழு உருப்பெற்றுவிட்டது. பாவலர் பாலசுந்தரத்தின் நாடகக் கதைக்குக் கருணாநிதி எழுதிய உரையாடல் அது.

அக்காட்சியின் அமைப்பைச் சற்றே நோக்குவோம். கூண்டில் நிற்கும் குணசேகரன் தான் செய்த செயலை மறுக்கவில்லை. செயலை ஒப்புக்கொண்டு, அது குற்றமாகாது என வாதிடுகின்றான். பின்னர் அச்செயலுக்குத் தன்னைத் தள்ளிய சமுதாயத்தையே கூண்டில் ஏற்றுகின்றான். ஒப்புதல், மறுதலை, எதிர்வழக்கு என்னும் மூன்று படிகள் அதில் உள்ளன. நடுவராக வீற்றிருப்பவரோ அவன் உடன்பிறந்த தமையன். ஆகவே கேட்போரும் அவ்வழக்கிலிருந்து விலகி நிற்க இயலவில்லை. பாண்டியனின் நிலையை இது நினைவூட்டுகின்றது. பிற்காலத்தில் சிலப்பதிகாரத்தை நாடகக் காப்பியமாகவும், ‘பூம்புகார்’ என்னும் திரைப்படமாகவும் இவர் ஆக்கியது தற்செயலன்று.

நடையின் இயல்பும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. மோனை, முரண், ஒத்த அமைப்புடைய தொடர்களின் அடுக்கு, விடை வெளிப்படையான வினாக்களின் வரிசை ஆகியவை இவர் நடைக்கு உறுப்புகள். அலங்காரமென்று இவற்றை ஒதுக்குவது எளிது. ஆனால் வழக்குரையில் இவை அலங்காரமல்ல. அடுக்கு, குற்றத்தின் எண்ணிக்கையைக் காட்டுகின்றது. முரண், இரு தரப்பையும் எதிரெதிரே நிறுத்துகின்றது. வினா, விடையளிக்கும் பொறுப்பை நடுவரின்மேல் ஏற்றுகின்றது. வழக்கு உள்ளவரையில் இவ்வுறுப்புகள் உயிருடன் இயங்கும். வழக்கு இல்லாத இடத்தில் என்னாகும் என்பதைப் பின்னர்க் காண்போம்.

4. கல்லக்குடி

பராசக்தி வெளிவந்த ஒன்பதாம் மாதத்தில், எழுத்தில் நின்ற வழக்கு நேரில் வந்தது. திருச்சிராப்பள்ளியிலிருந்து விழுப்புரம் செல்லும் இருப்புப்பாதை திருவரங்கம் நிலையத்தைக் கடந்து, கொள்ளிடத்துக்கு வடக்கே இலால்குடி வழியாகச் செல்லும். அப்பாதையிலுள்ள கல்லக்குடி என்னும் ஊரில் டால்மியா நிறுவனத்தின் சிமெண்டு ஆலை 1939இல் எழுந்தது. நிலையத்தின் பெயரும் டால்மியாபுரம் என்றாயிற்று. 1953ஆம் ஆண்டு சூலைத் திங்களில் திராவிட முன்னேற்றக் கழகம் நடத்திய மும்முனைப் போராட்டத்தில் இப்பெயரை மாற்றும் கிளர்ச்சி ஒரு முனை. அதற்குத் தலைமை தாங்கியவர் கருணாநிதி. சூலை 15ஆம் நாள், நிலையத்துப் பெயர்ப்பலகையில் கல்லக்குடி என்று எழுதிய தாளை ஒட்டினார். பின்னர்த் தோழர்களோடு தண்டவாளத்தில் படுத்தார். கைது செய்யப்பட்டு, ஆறு மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டு, திருச்சிராப்பள்ளி நடுவண் சிறையில் அடைக்கப்பட்டார். அன்றைய கலவரத்தில் காவலர் சுட்டதனால் இருவர் மாண்டனர்.

இச்செயலை அரசியல் வரலாறு தன் முறையில் மதிப்பிடட்டும். தமிழ் மாணவனுக்கு அது முதலில் ஒரு சொல்லைப் பற்றிய செயல். பெயர்ப்பலகையில் உள்ள சொல்லின்மேல் மற்றொரு சொல்லை ஒட்டுதல், ஏட்டில் உள்ள பாடத்தைத் திருத்துவது போன்றது. எந்தப் பாடம் பழையது, எது பின்னர் நுழைந்தது, எதனை மூலத்தில் வைப்பது என்னும் பதிப்பாசிரியரின் வினாக்களே அங்கும் எழுகின்றன. ஊரார் நாவில் வழங்கும் பெயருக்கும் ஆலைக்கு உரியவரின் பெயருக்கும் இடையே நிகழ்ந்த வழக்கு அது. கண்ணகியின் சிலம்பு போல, இவ்வழக்கில் அந்தப் பலகையே சான்றுப் பொருள். 1969இல், அவர் முதலமைச்சராக இருந்தபோது, கல்லக்குடி என்னும் பெயர் மீண்டது. இன்று அந்நிலையத்தின் பெயர் கல்லக்குடி பழங்காநத்தம்.

இச்சிறைவாழ்வைக் கருணாநிதி ‘ஆறுமாதக் கடுங்காவல்’ என்னும் நூலாகத் தந்தார். நெஞ்சுக்கு நீதியின் முதற் பாகத்திலும் அதனை நினைவுகூர்ந்தார். இவ்விரண்டிலும் கூற்று, தன்மை ஒருமையில் அமைந்தது. சொல்பவரே செய்தவர், செய்தவரே துன்புற்றவர். கேட்போரோ கட்சித் தோழர். மறுதரப்பில் இருப்பது ஆட்சி. இம்முக்கோணம் எழுத்துக்கு விரைவையும் சூட்டையும் தருகின்றது. சிறை என்னும் களன், பேசுவோனின் உடலையே சான்றாக்கிவிடுகின்றது. பராசக்தியில் கற்பனைப் பாத்திரம் பெற்றிருந்த இடத்தை இங்கு ஆசிரியரே பெற்றுவிட்டார்.

ஆயினும் நம் அளவுகோலின்படி ஒரு குறை இங்கே தெரிகின்றது. கல்லக்குடி என்றவுடன் தமிழ்நாட்டின் பொதுநினைவில் எழும் காட்சி, தண்டவாளத்தில் படுத்த தலைவரின் காட்சி. மாண்ட இருவரும் அக்காட்சியின் ஓரத்தில் ஓர் எண்ணாக நிற்கின்றனர். அவர்தம் ஊர் எது, தொழில் எது, அவரை இழந்த குடும்பம் எவ்வாறு வாழ்ந்தது என்பன அந்நினைவில் இடம்பெறவில்லை. பொதுநினைவின் குறையை நூலாசிரியர் ஒருவர்மேல் மட்டும் ஏற்றுதல் முறையன்று. ஆனால் பொதுநினைவை உருவாக்கும் ஆற்றல் பெற்ற நடையின் பொறுப்பு, பிற நடைகளின் பொறுப்பினும் பெரிது. தன்மைக் கூற்றின் ஒளி மிகுந்த இடத்தில் படர்க்கையார் மங்கிப்போதல் வழக்குரையின் உள்ளார்ந்த இடர். கண்ணகி இவ்விடரைக் கடந்தாள். கல்லக்குடி வழக்குரை முழுதும் கடக்கவில்லை.

5. ஒரு சிறை, இரு எழுத்து

கல்லக்குடிப் போராட்டத்தில் கலந்து சிறைப்பட்டவருள் கவிஞர் கண்ணதாசனும் ஒருவர். அச்சிறைவாழ்வில் அவர் இயற்றியது ‘மாங்கனி’ என்னும் காவியம். ஒரே போராட்டம் ஒருவரை வழக்குரைக்கும் மற்றொருவரைக் காதற் காவியத்துக்கும் செலுத்தியது. சிறையின் களன் இருவர்க்கும் ஒன்றாயினும், ஒருவர் அக்களனைச் சான்றாக்கினார். மற்றவர் அதனை மறக்கும் வழியாகப் பழந்தமிழ் உலகத்தை நாடினார்.

போராட்டத்தைப் பற்றிக் கண்ணதாசன் பேசியது பின்னர்தான். 1961இல் திராவிட முன்னேற்றக் கழகத்தை விட்டு விலகிய பின் அவர் எழுதிய ‘வனவாசம்’ அக்கட்சியில் அவர் கழித்த ஆண்டுகளின் வரலாறு. அதன் கூற்று முறை வியப்புக்குரியது. தம்மைப் பற்றிய நூலில் ஆசிரியர் தம்மை ‘அவன்’ என்றே சுட்டுகின்றார். தன்மை, படர்க்கையாயிற்று. பழைய தன்னைப் புதிய தான் வெளியே நின்று பார்க்கின்றது.

கல்லக்குடியைப் பற்றிய வனவாசத்தின் பகுதி கசப்பு மிக்கது. தோழராக இருந்தவரின் புகழைக் குறைத்துக் காட்டுவது. இதனால், கருணாநிதியின் நூல் கட்சியின் குரல், கண்ணதாசனின் நூலே உண்மையின் குரல் என்று கொள்வாரும் உளர். இதனை மறுதலையாகக் கொள்வாரும் உளர். இரண்டும் அவசர முடிபுகள். படர்க்கையில் எழுதப்பட்டமையால் ஒரு நூல் நடுநிலை பெற்றுவிடாது. ‘அவன்’ என்று சொல்லும்போது ஆசிரியர் தம் பழைய செயலுக்கான பொறுப்பை ஓரளவு இறக்கிவைத்து விடுகின்றார். தம்மை இரங்கத்தக்கவனாகக் காட்டும் அதே கூற்று, பிறரைக் குற்றவாளியாகக் காட்டவும் வாய்ப்பளிக்கின்றது. இதுவும் ஒரு வழக்குரையே. கழிவிரக்கத்தின் ஆடை புனைந்த வழக்குரை. விலகியவர் எழுதிய காலமும், உள்ளே இருந்தவர் எழுதிய காலமும் வேறு வேறு. கேட்போரும் வேறு வேறு.

எனவே இவ்விரு நூல்களுள் எது மெய் எனக் கேட்பதைவிட, ஒரே நாளின் நிகழ்ச்சியை நானும் அவனும் எவ்வாறு பங்கிட்டுக்கொள்கின்றனர் எனக் கேட்பதே பயனுடையது. நான் என்பவர் செயலை வைத்துக்கொண்டார். அவன் என்பவர் ஐயத்தை வைத்துக்கொண்டார். இராஜனைப் போலக் கண்டதைச் சொல்லி ஒதுங்கும் சான்று கல்லக்குடிக்கு வாய்க்கவில்லை. வாய்த்திருந்தால் மாண்ட இருவரின் முகமும் நமக்குத் தெரிந்திருக்கலாம்.

6. குளித்தலையும் பேரவையும்

1957ஆம் ஆண்டுத் தேர்தலில் கண்ணதாசன் திருக்கோட்டியூரில் தோற்றார். கருணாநிதி குளித்தலையில் வென்றார். குளித்தலை அன்று திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்தது. இன்று கரூர் மாவட்டத்தில் உள்ளது. அன்றைய பேரவையில் மொத்த இடங்கள் 205. அவற்றுள் காங்கிரசு பெற்றவை 151. காமராசர் முதலமைச்சர். அண்ணா தலைமையில் நுழைந்த அணியினர் பதினைவர். குளித்தலையை அடுத்த நங்கவரத்து உழவர் சிக்கலைப் பற்றியதே அம்மன்றத்தில் கருணாநிதியின் முதற்பேச்சு.

இது வழக்குரையின் வரலாற்றில் ஒரு திருப்பம். கல்லக்குடியில் அவர் தமக்காகவும் தம் இயக்கத்துக்காகவும் பேசினார். நங்கவரத்தில் பிறருக்காகப் பேச வேண்டியவரானார். உழுவோர் தாமே அம்மன்றத்தில் நின்று பேச இயலாது. அவர்தம் கூற்று உறுப்பினரின் வாய்வழியாகவே வரவேண்டும். செவிலி கூற்று, தோழி கூற்று எனத் தமிழ் மரபு பிறர் பொருட்டுப் பேசும் பேச்சுக்குத் தனியிடம் தந்துள்ளது. தோழி தன் துயரைப் பேசுவதில்லை. தலைவியின் துயரைத் தலைவன் கேட்குமாறு பேசுவாள். தான் மறைந்து தலைவியை நிறுத்துவதே அவள் திறம். சட்டமன்ற உறுப்பினரின் பேச்சும் இயல்பால் தோழி கூற்றை ஒத்ததே.

மேலும், அப்பேச்சின் பொருளும் கல்லக்குடியைப் போலப் பெயரோடு தொடர்புடையது. பயிரிடும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955இலும், நியாயக் குத்தகைச் சட்டம் 1956இலும் சென்னை மாநிலத்தில் நிறைவேறியிருந்தன. நிலத்தில் உழைப்பவர் சட்டத்தின் கண்ணுக்குக் குத்தகைதாரரா, பண்ணையாளா, கூலியாளா என்பதைப் பொறுத்தே அவருக்குக் கிடைக்கும் உரிமை அமைந்தது. ஊருக்கு எப்பெயர் என்ற வினா, உழைப்பவர்க்கு எப்பெயர் என்ற வினாவாக வளர்ந்தது. முன்னது பலகையோடு நின்றது. பின்னது சோற்றைத் தொட்டது.

பேரவை என்னும் களன் நடையையும் மாற்றியது. மேடையில் கேட்போர் ஒரு தரப்பினர். கைதட்டல் அங்கே விடையாகிவிடும். பேரவையில் பேச்சு முறைப்படி தலைவரை நோக்கியது; எதிரே இருப்போர் பெரும்பான்மையர்; இடைமறிப்பு உண்டு; காலவரையறை உண்டு; சொல்லிய சொல் குறிப்பேட்டில் ஏறிவிடும். அங்கே 151 பேரைப் பதினைவர் வாக்கெடுப்பில் வெல்ல இயலாது. ஆகவே பேசுவோர்க்கு இரு கேட்போர் உளராகின்றனர்: கண்ணெதிரே உள்ள மன்றம் ஒன்று, நாளிதழ் வழியாகக் கேட்கும் தொகுதி மற்றொன்று. முன்னவர்க்குச் செய்தி வேண்டும். பின்னவர்க்கு உணர்ச்சி வேண்டும். இரண்டையும் ஒரே தொடரில் தருதல் எளிதன்று. கருணாநிதியின் உரைநடையில் பிற்காலத்தில் நாம் காணும் சுருக்கமும், நகைச்சுவையால் எதிர்த்தரப்பைத் தொட்டுத் திரும்பும் திறமும், கைவசம் ஆவணத்தை வைத்துக்கொண்டு பேசும் பழக்கமும் இப்பயிற்சியால் விளைந்தன எனலாம். மேடை அவருக்கு ஓசையைத் தந்தது. பேரவை அவ்வோசைக்கு எல்லையைத் தந்தது.

7. வழக்காடியே நடுவரானபோது

1969இல் கருணாநிதி முதலமைச்சரானார். 1970இல் நில உச்சவரம்பு 30 தர ஏக்கரிலிருந்து 15 தர ஏக்கராகக் குறைக்கப்பட்டது. 1971இல் குடியிருப்பு மனைகளை அவற்றில் வாழ்வோர்க்கே உரிமையாக்கும் சட்டம் இயற்றப்பட்டது. நங்கவரத்து உழவர்க்காகப் பேசியவரின் கையிலேயே நிலச் சட்டம் இயற்றும் எழுதுகோல் வந்துவிட்டது. ஒரு சட்டமன்ற உறுப்பினரின் வாழ்வில் சொல் செயலாகும் இத்தகைய நிகழ்ச்சி அரிது. அதற்குரிய மதிப்பை வழங்குதல் வேண்டும்.

ஆனால் இலக்கியத்தின் கணக்கு வேறு. வழக்காடியே நடுவரானபின் வழக்குரைக்கு இடமில்லை. மறுதரப்பு இல்லாத இடத்தில் அடுக்குத் தொடர் எதனையும் எண்ணுவதில்லை. முரண் எதனையும் எதிர்நிறுத்துவதில்லை. வினா எவரையும் விடைக்கு அழைப்பதில்லை. அவை வெறும் அணிகளாகிவிடுகின்றன. நெஞ்சுக்கு நீதியின் ஆறு பாகங்களையும் தொடர்ந்து படிப்போர் இவ்வேறுபாட்டை உணர்வர். 1969 வரையிலான வாழ்வைக் கூறும் முதற் பாகம் மனிதரும் ஊரும் வழியும் நிறைந்தது. பின்னைப் பாகங்களில் அறிக்கையும் ஆணையும் விழாவும் மிகுகின்றன. ஆராய்ச்சியாளர்க்கு அவை பயன்படும் ஆவணங்கள். ஆயினும் கதைசொல்லியின் இடத்தை ஆவணக் காப்பாளர் பெற்றுவிடுகின்றார்.

பழைய நூல்களுக்கு விளக்கமாக அவர் எழுதியவற்றிலும் இதனைக் காணலாம். ‘குறளோவிய’மும், 2003இல் வெளிவந்த ‘தொல்காப்பியப் பூங்கா’வும் நூற்பாவையும் குறளையும் காட்சியாகவும் உரையாடலாகவும் மாற்றுகின்றன. புலமை நூல்களை எளிய மக்களிடம் கொண்டுசேர்த்த பயன் அவற்றுக்கு உண்டு. ஆனால் உரையாசிரியர்க்கு வேண்டுவது ஐயம். பாடம் எது, பொருள் எது என்னும் தயக்கம். வழக்குரைப்போர்க்கு அத்தயக்கம் ஆகாது. ஆகவே இளம்பூரணரும் பேராசிரியரும் வேறுபடும் இடங்களில் மாணவர் இந்நூல்களிடம் தீர்வு தேடுதல் பொருந்தாது. சுவை தேடுதலே பொருந்தும்.

ஆட்சி நீங்கியபோது வழக்கு மீண்டது; நடையும் மீண்டது. 1976ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் அவர் அமைச்சரவை கலைக்கப்பட்டது. நெருக்கடிநிலையின் தணிக்கை, கைதானோர் பெயரை வெளியிட இடந்தரவில்லை. பிப்ரவரி 3 அண்ணாவின் நினைவு நாள். அன்று முரசொலியில், அண்ணா நினைவிடத்துக்கு மலர் வைக்க வர இயலாதவர்கள் என்னும் பெயரால் ஒரு பட்டியல் வெளிவந்தது. ஊர்வாரியாகக் கைதானோரின் பெயர்களே அவை என்பது படித்தவர்க்கு விளங்கிற்று.

அப்பட்டியலில் மோனை இல்லை, முரண் இல்லை, வினா இல்லை, ‘நான்’ என்ற சொல்லும் இல்லை. பெயர்கள் மட்டுமே உள்ளன. ஆயினும் கருணாநிதியின் வழக்குரைகளுள் உச்சம் இதுவே என்று துணிந்து கூறலாம். குற்றச்சாட்டு சொல்லப்படாமலே விளங்கியது. சான்று, சான்றாக நிற்காமல் மனிதராக நின்றது. நடுவர் நாட்டு மக்கள். வழக்குரை காதையில் கண்ணகி கோவலனுக்குச் செய்ததை, அப்பட்டியல் சிறைப்பட்டோர்க்குச் செய்தது.

8. முடிபு

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை. திருவரங்கத்து இராஜனின் எழுத்து சான்றுரை. கண்ணதாசனின் வனவாசம் கழிவிரக்கம். கருணாநிதியின் உரைநடை வழக்குரை. இம்மூன்றையும் ஒரே துலாக்கோலில் நிறுத்து, எது மெய் என்று கேட்டல் முறையன்று. ஒவ்வொன்றும் தன் கூற்றாலும் கேட்போராலும் களனாலும் காலத்தாலும் மதிப்பிடத்தக்கது. கருணாநிதியின் நடை மறுதரப்பு உள்ளபோது கூர்மை பெறுகின்றது; மறுதரப்பு மறைந்தபோது அணி மிகுந்து தளர்கின்றது. பிறர் பொருட்டுப் பேசும்போது, அப்பிறர் பெயரோடு நிற்கும்போது, அது இலக்கியமாக உயர்கின்றது.

இதிலிருந்து நம் துறை மாணவர்க்கு ஒரு பணி பிறக்கின்றது. தலைவர்களின் நூல்களைப் பற்றி ஆய்வேடு எழுதுவோர் அந்நூல்களிலுள்ள உவமைகளையும் அணிகளையும் எண்ணி வரிசைப்படுத்துவதோடு நின்றுவிடுகின்றனர். அதனினும் வேண்டுவது, ஒரு நிகழ்ச்சியைப் பற்றிய பல கூற்றுகளை அருகருகே வைத்துப் படித்தல். பேரவை நடவடிக்கைக் குறிப்பு, நீதிமன்ற ஏடு, சிறைப் பதிவு, அந்நாளைய நாளிதழ், ஊரார் வாய்மொழி ஆகியவற்றைத் தன்வரலாற்றோடு ஒப்பிடுதல். கல்லக்குடியில் 1953இல் மாண்ட இருவரின் ஊரையும் குடியையும் வாழ்வையும் அவ்வாறு திரட்டி எழுதினால், தண்டவாளத்துக் காட்சிக்கு அப்பால் அந்நாளின் முழு வழக்கும் நமக்குத் தெரியவரும். பெயர்ப்பலகையின் பெயர் மீண்டு அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. அப்பெயரின் பொருட்டு மாண்டவர்தம் பெயர்கள் இலக்கிய வரலாற்றின் ஏட்டில் ஏறுதல் இன்னும் எஞ்சி நிற்கும் கடன்.